விழாத கோல்களின் கேப்டன்

219 சர்வதேச ஆட்டங்கள். கோல் ஒன்றுகூட இல்லை.

அமெரிக்க மகளிர் கால்பந்து அணிக்காக பெக்கி சாவர்பிரன் ஆடிய கணக்கு இது. இரண்டு உலகக் கோப்பைகள், ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், ஒரு வெண்கலம், உள்நாட்டு லீக்கில் நான்கு முறை 'ஆண்டின் சிறந்த டிஃபெண்டர்' விருது, கையில் கேப்டன் பட்டை. இவ்வளவும் நாட்டுக்காக ஒரு பந்தைக்கூட எதிரணி வலைக்குள் அனுப்பாத ஒருவருக்குக் கிடைத்தவை.

கோல் அடித்தவரின் பெயரை மைதானத்துப் பலகை காட்டும், மறுநாள் செய்தித்தாள் அச்சிடும். விழவேண்டிய கோல் விழாமல் போனால் எந்தப் பலகையும் ஒளிராது. கபடியிலும் இதே கதைதான். பாடி வருகிறவருக்கு விசில் பறக்கும். அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்பே கணித்து, சக ஆட்டக்காரரைக் கண்ணசைவில் நகர்த்திவிட்டுக் காத்திருப்பவரை, ஆட்டம் தெரிந்த நாலு பேர்தான் கவனிப்பார்கள். பெக்கியின் வாழ்க்கையை எழுதுவதென்றால் அந்த நாலு பேரின் கண்ணோடுதான் எழுதவேண்டும்.

செயின்ட் லூயிஸ் பெண்

1985 ஜூன் 6. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான செயின்ட் லூயிஸில் பிறந்தார் பெக்கி. அமெரிக்காவில் கால்பந்தைப் பழங்காலத்திலிருந்தே வீட்டுச் சொத்தாக வைத்திருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. குடியேறி வந்தவர்களின் தேவாலயப் பங்குகளில் வளர்ந்த ஆட்டம் அது. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்தி உலகையே திகைக்க வைத்த அமெரிக்க அணியில், களமிறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள்.

பெக்கிக்கு இரண்டு அண்ணன்கள். வீட்டில் கடைக்குட்டி. பள்ளியில் கூடைப்பந்து, வாலிபால் என்று எல்லாமே ஆடினாலும் கால்பந்துதான் தங்கியது. உள்ளூர் ஜே.பி. மரைன் கிளப், பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழக அணி. 2004-ல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்த அமெரிக்க அணியிலும் அவர் இருந்தார்.

அவர் பெரும் புத்தகப் பிரியை. பயணப் பையில் கதைப் புத்தகம் இல்லாமல் கிளம்பமாட்டார் என்று சக வீராங்கனைகளிடம் பெயர் வாங்கியவர். அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். ஓட்டத்தில் மின்னல் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. களத்தில் அவர் படித்தார். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளும் வாசகியைப் போல.

உடைந்த மூக்கும் மூடிய கதவுகளும்

2008 ஜனவரி. சீனாவில் நான்கு நாடுகள் போட்டித் தொடர். கனடாவுக்கு எதிராக 22 வயது பெக்கியின் முதல் சர்வதேச ஆட்டம். அந்த முதல் ஆட்டத்திலேயே மூக்கு உடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் வந்தபோது அணியில் அவருக்கு இடமில்லை. தேசிய அணியில் நிலையான இடம் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் காத்திருந்தார்.

காத்திருக்கலாம் என்றால், நிற்க ஒரு இடம் வேண்டுமே? அமெரிக்காவின் முதல் மகளிர் தொழில்முறை லீக் 2001-ல் தொடங்கி 2003-லேயே மூடப்பட்டது. பெக்கி பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு அது. 2009-ல் இரண்டாவது லீக் பிறந்தது. அவர் வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில் சேர்ந்தார். 2011-ல் அந்த அணி கைமாறி ஃப்ளோரிடாவுக்குப் போய், மேஜிக்ஜாக் என்று பெயரும் மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் லீக் நிர்வாகமே அந்த அணியை நீக்கியது. 2012 தொடக்கத்தில் லீக்கும் படுத்துவிட்டது.

மூன்றாவது முயற்சிதான் 2013-ல் தொடங்கி இன்றுவரை நிற்கும் தேசிய மகளிர் லீக். முதல் ஆண்டில் அதன் குறைந்தபட்ச சம்பளம் ஒரு சீசனுக்கு 6,000 டாலர். அமெரிக்காவில் அது வீட்டு வாடகைக்கே காணாது. தேசிய அணி வீராங்கனைகளுக்குக் கால்பந்து சம்மேளனம் தனியே சம்பளம் தந்தது. ஆனால் அதே உடைமாற்றும் அறையில் பக்கத்து இருக்கையில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த பலர் அந்த ஆறாயிரத்தைச் சுற்றித்தான் வாழ்க்கையை ஓட்டினார்கள். பெக்கி இந்த வித்தியாசத்தைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தார். பின்னாளில் அவர் எடுத்த நிலைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிய லீக்கில் கன்சாஸ் சிட்டி அணி. விளாட்கோ அண்டோனோவ்ஸ்கி பயிற்சியாளர். 2014, 2015 என்று தொடர்ந்து இரண்டு பட்டங்கள். இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரில் நின்றது அதே சியாட்டில் அணி. ஆனால் 2017 முடிவில் கன்சாஸ் சிட்டி அணியும் கலைந்தது. அங்கிருந்து யூட்டா. 2020-ல் அவர் போர்ட்லாண்ட் தார்ன்ஸுக்கு மாறிய சில மாதங்களில் யூட்டா அணியும் மூடப்பட்டது. ஒரு தொழிற்சாலை மூடினால் அடுத்ததைத் தேடிப் போகும் தொழிலாளியைப் போல, உலகக் கோப்பை வென்ற ஒரு வீராங்கனை ஊர் ஊராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

540 நிமிடங்கள்

2011 ஜூலை, ஜெர்மனி. உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக அமெரிக்க டிஃபெண்டர் ரேச்சல் பியூலருக்குச் சிவப்பு அட்டை. அரையிறுதியில் ஃபிரான்ஸுக்கு எதிராக அந்த இடத்தில் யாரை நிறுத்துவது? அதுவரை பெஞ்சில் இருந்த பெக்கியை அழைத்தார்கள். உலகக் கோப்பையில் அவர் களமிறங்கிய முதல் ஆட்டமே அரையிறுதி. அமெரிக்கா 3-1 என்று வென்றது. பியூலர் திரும்பி வந்ததும் இறுதி ஆட்டத்துக்கு பெக்கி மறுபடி பெஞ்சுக்குப் போனார். ஜப்பானிடம் பெனால்டி முறையில் அமெரிக்கா தோற்றதை அங்கிருந்துதான் பார்த்தார்.

நான்கு ஆண்டு கழித்து, 2015-ல் கனடாவில் நடந்த உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். பக்கத்தில் ஜூலி ஜான்ஸ்டன், பின்னால் கோல்கீப்பர் ஹோப் சோலோ. முதல் ஆட்டத்தின் 27-வது நிமிடத்தில் ஆஸ்திரேலியா ஒரு கோல் போட்டது. அடுத்த கோல் விழுந்தது எப்போது தெரியுமா? இறுதி ஆட்டத்தில், ஜப்பானுக்கு எதிராக, மறுபடியும் 27-வது நிமிடத்தில். இடையில் ஸ்வீடன், நைஜீரியா, கொலம்பியா, சீனா, ஜெர்மனி என்று எல்லோரும் வந்து முட்டிப் பார்த்தார்கள். 540 நிமிடங்கள் அந்த வலை அசையவில்லை.

இறுதி ஆட்டம் 5-2 என்று முடிந்தது. பதினாறு நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்த கார்லி லாய்டை, அதிலும் நடுக்கோட்டருகிலிருந்து அவர் தூக்கி அடித்த அந்தப் பந்தை, இன்றும் உலகம் பேசுகிறது. பேசவேண்டியதுதான். ஆனால் அந்த இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த 540 நிமிடங்கள். காலிறுதியில் சீனாவை வென்றது 1-0 என்றுதான்.

அவர் செய்தது என்ன என்று பார்க்கவேண்டும். சென்டர் பேக் என்பவர் கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் கடைசிச் சுவர். பந்து வந்தபிறகு பாய்ந்து விழுந்து எடுப்பது பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் விழுந்தவர் எழுந்திருக்க இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் கோல் விழுந்துவிடும். அதனால் பெக்கி கூடியவரை விழாமல் ஆடினார். எதிராளி பந்தோடு வரும்போது நேரே மோதாமல், உடலைச் சற்றே சாய்த்து நின்று, அவர் போக ஒரு வழியைத் திறந்து வைப்பார். அந்த வழி எப்போதும் ஓரத்துக்கே போகும், வலைக்குப் போகாது. எதிரணியின் பாஸ் கிளம்பும் முன்பே அது போய்ச் சேரும் இடத்தில் பெக்கி நிற்பார். பின்வரிசை நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகரவேண்டும், ஒருவர் ஒரு அடி பிந்தினால் ஆஃப்சைடு கோடே கலைந்துவிடும். அந்தக் கயிற்றின் நுனி அவர் குரலில் இருந்தது.

ஒரு பிழை, ஒரு பெனால்டி, ஒரு கட்டு

இந்த வேலையில் இன்னொரு கொடுமை உண்டு. எண்பத்தொன்பது நிமிடம் சரியாகச் செய்தது யார் கண்ணிலும் படாது. ஒரு நொடி தவறியது உலகமே பார்க்கும்படி வந்து நிற்கும்.

2019 உலகக் கோப்பை, ஃபிரான்ஸ். காலிறுதிக்கு முந்தைய சுற்றில் ஸ்பெயினுக்கு எதிராக அமெரிக்கா ஏழாவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றது. ஒன்பதாவது நிமிடத்தில் கோல்கீப்பர் அலிசா நேயர் பெனால்டி கட்டத்தின் அருகில் பெக்கிக்கு ஒரு பாஸ் கொடுத்தார். பெக்கி பந்தைச் சமாளிப்பதற்குள் ஸ்பெயின் வீராங்கனைகள் பறித்துக்கொண்டார்கள். ஜெனிஃபர் ஹெர்மோசோ அதை வலைக்குள் தூக்கிப் போட்டார். அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 2-1 என்று தப்பித்தது.

இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. அமெரிக்கா 2-1 என்று முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடிய பத்து நிமிடமே மிச்சம். கோல் வாயிலில் எல்லன் வொயிட்டின் காலை பெக்கி தட்டிவிட்டார் என்று வீடியோ நடுவர் காட்ட, இங்கிலாந்துக்குப் பெனால்டி. அந்த ஒரு அடியில் எல்லாம் தலைகீழாகியிருக்கும். அலிசா நேயர் பாய்ந்து பந்தைப் பிடித்தார். ஸ்பெயினோடு ஆடியபோது இருவரும் சேர்ந்து சறுக்கினார்கள். இந்தக் கணத்தில் ஒருவர் மற்றவருக்குத் துணை நின்றார்.

ஐந்து நாள் கழித்து லியோன் நகரில் இறுதி ஆட்டம், நெதர்லாந்துக்கு எதிராக. தலையோடு தலை மோதி பெக்கியின் முகத்தில் ரத்தம் வழிந்தது. ஓரத்துக்குப் போய்த் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். 2-0. அந்தத் தொடர் முழுவதிலும் அமெரிக்காவின் வலைக்குள் விழுந்தது மூன்றே கோல்.

கையில் ஏறி இறங்கிய பட்டை

2016-ல் கார்லி லாய்டும் பெக்கியும் இணைக் கேப்டன்களாக அறிவிக்கப்பட்டார்கள். 2018-ல் பயிற்சியாளர் ஜில் எல்லிஸ் அந்தப் பொறுப்பை லாய்ட், மேகன் ரபினோ, அலெக்ஸ் மார்கன் மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார். பெக்கியின் பெயர் அதில் இல்லை. பட்டையைப் பறிகொடுத்த ஆட்டக்காரர்கள் அணிக்குள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட கதைகள் கால்பந்தில் ஏராளம். பெக்கி தலையில் கட்டோடு ஆடிய அந்த 2019 இறுதி ஆட்டத்தை, பட்டை இல்லாத கையோடுதான் ஆடினார்.

கன்சாஸ் சிட்டியில் அவரைக் கிட்டத்திலிருந்து பார்த்த அண்டோனோவ்ஸ்கி பின்னர் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். 2021-ல் அவர் பெக்கியையே கேப்டனாக்கினார். தாமதமாக நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனிடம் 0-3 தோல்வி. 44 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி அது. அரையிறுதியில் கனடாவிடம் தோல்வி. அங்கிருந்து எழுந்து, ஆஸ்திரேலியாவை 4-3 என்று வென்று வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்கள். நல்ல நாளில் கேப்டனாக இருப்பது எளிது. பெக்கிக்குப் பட்டை திரும்பி வந்த ஆண்டிலேயே அணி இறங்குமுகம் கண்டது.

பையில் வந்த கணக்கு

2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதுவரை அந்த நாட்டில் எந்தக் கால்பந்து ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அந்த வெற்றிக்கு ஃபிஃபா தந்த பரிசு 20 லட்சம் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு 3.5 கோடி டாலர். காலிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே வெளியேறிய அமெரிக்க ஆண்கள் அணிக்குக்கூட 90 லட்சம் கிடைத்தது.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2015 உலகக் கோப்பை முழுவதையும் பெண்கள் செயற்கைப் புல்தரையில் ஆடினார்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் எந்த அணியையும் இப்படி ஆடச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஹவாயில் நடக்கவிருந்த ஆட்டத்தை, தரை ஆடத் தகுதியற்றது என்று சொல்லி அமெரிக்க வீராங்கனைகள் ஆட மறுத்தார்கள். ஆட்டம் ரத்தானது.

2016 மார்ச்சில் ஐந்து பேர் தங்கள் சம்மேளனத்தின் மீதே மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். லாய்ட், மார்கன், ரபினோ, சோலோ, பெக்கி சாவர்பிரன். முதல் நால்வரையும் விளம்பரங்களில் உலகம் அறியும். ஐந்தாமவரை அணிக்குள் இருந்தவர்கள் அறிவார்கள். சங்கக் கூட்டங்களில் ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படித்து, இளையவர்களுக்குப் பொறுமையாக விளக்க ஒருவர் வேண்டும். பிறகு பெக்கியே வீராங்கனைகள் சங்கத்தின் தலைவரும் ஆனார்.

2019 மார்ச் 8, மகளிர் தினம். 28 வீராங்கனைகள் சம்மேளனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2020 மே மாதம் சமச் சம்பளக் கோரிக்கையை நீதிபதி தள்ளுபடி செய்தார். விட்டுவிடவில்லை. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. மே மாதம் ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் ஒரே ஊதியம் என்ற ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தை இரு அணிகளும் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒரு ஷரத்து. உலகில் எந்த நாட்டிலும் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

செப்டம்பர் 6 அன்று வாஷிங்டனில் நைஜீரியாவுடன் ஆட்டம் முடிந்தபின் மைதானத்திலேயே கையெழுத்து ஆனது. சில வாரங்களில் கத்தார் உலகக் கோப்பை. அமெரிக்க ஆண்கள் காலிறுதிக்கு முந்தைய சுற்றுக்குப் போய் 1.3 கோடி டாலர் ஈட்டினார்கள். சம்மேளனத்தின் பங்கு போக மீதியில் பாதி பெண்களுக்கு வந்தது.

வீட்டுக்குள் எழுந்த குரல்

ஒப்பந்தம் கையெழுத்தான மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. 2022 அக்டோபர் 3. லீக்கில் நடந்த அத்துமீறல்கள் குறித்து வழக்கறிஞர் சாலி யேட்ஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை வெளியானது. இருநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளிடம் பேசி எழுதப்பட்ட அறிக்கை. பயிற்சியாளர்களின் வசைகளும் மன உளைச்சல் தரும் நடத்தையும் பாலியல் அத்துமீறல்களும் லீக் முழுவதும் வேரோடியிருந்தன, புகார்கள் வந்தும் மேலிடங்கள் கண்டுகொள்ளவில்லை என்று அது சொன்னது. பெக்கியின் சொந்த அணியான போர்ட்லாண்டும் அதில் இருந்தது.

தேசிய அணி அப்போது இங்கிலாந்துடன் ஆட லண்டனில் இருந்தது. மறுநாள் செய்தியாளர்கள் முன் கேப்டன் உட்கார்ந்தார். வீராங்கனைகள் நொறுங்கிப் போயிருக்கிறார்கள், கோபத்தில் இருக்கிறார்கள் என்றார். அவர்களைக் காக்கத் தவறிய உரிமையாளர்களும் நிர்வாகிகளும் அதிகாரிகளும் வெளியேற வேண்டும் என்றார். தன் அணி உரிமையாளருக்கும் அது பொருந்துமா என்று கேட்டபோதும் பின்வாங்கவில்லை. சம்பளம் தரும் இடத்தைப் பார்த்து இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது வேலைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் அந்த உரிமையாளர் தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து இறங்கினார்.

அந்த மாதம் 29-ம் தேதி லீக் இறுதி ஆட்டம். போர்ட்லாண்ட் 2-0 என்று கோப்பையை வென்றது. பெக்கியின் பின்வரிசையைத் தாண்டி ஒரு கோலும் விழவில்லை. எதிரணி எது தெரியுமா? அவருடைய பழைய ஊரான கன்சாஸ் சிட்டியில் பின்னாளில் பிறந்த புதிய அணி.

மைதானத்துக்கு வெளியே

2023-ல் பாதத்தில் காயம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உலகக் கோப்பைக்குக் குணமாகிவிடும் என்று நம்பினார். ஆகவில்லை. அவர் இல்லாத அமெரிக்க அணி ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று காலிறுதிக்கு முந்தைய சுற்றோடு வெளியேறியது. உலகக் கோப்பையில் அந்த அணி அவ்வளவு சீக்கிரம் வீடு திரும்பியது அதுதான் முதல் முறை. 2024 டிசம்பரில், 39 வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

219 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பூஜ்யம் அப்படியே நின்றுவிட்டது. அதைக் குறையாகப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும்.

2022-ல் பெக்கி கேப்டனாக இருந்தபோது, அவர் பக்கத்தில் நின்று ஆட ஒரு இளம் சென்டர் பேக் வந்தார். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகள், நவோமி கிர்மா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றபோது பின்வரிசையைத் தாங்கியவர். ஆறு ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது இரண்டே கோல். 2025 ஜனவரியில், ஒரு சீசனுக்கு 6,000 டாலர் சம்பளத்தில் தொடங்கிய அதே லீக்கிலிருந்து, கிர்மாவை லண்டனின் செல்சி அணி 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது.

மகளிர் கால்பந்து வரலாற்றில் ஒரு வீராங்கனைக்கான விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை. கோல் அடிப்பவர் யாருக்கும் அதுவரை யாரும் அந்த விலை கொடுத்ததில்லை. கொடுத்தது ஒரு டிஃபெண்டருக்கு.